கீரி போகும் வரப்பு

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது நான் ஓய்வு பெற்ற அதே விலங்கியல் துறையில் வேலை பார்க்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள் கைப்பேசியில் சில படங்கள் காட்டினாள். வயல் வரப்போரம் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிவிட்டு வந்துவிட்டால் போதுமாம். எது குறுக்கே போனாலும் அதுவே படம் எடுத்துக்கொள்ளுமாம். கீரி போகிறது, காட்டுப்பூனை போகிறது, புனுகுப்பூனை திரும்பிப் பார்க்கிறது.

"அப்பல்லாம் நீங்க எப்படி மேடம் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"மண்ணைச் சலிச்சுப் போட்டோம்" என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு மனசு பூதலூர் ரயிலடியில் போய் நின்றுகொண்டது, திரும்பி வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாகூர். வாப்பாவுக்கு தர்கா பக்கத்தில் அத்தர் கடை. கூடப்பிறந்த நானா சிங்கப்பூரில் இருந்தார். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போன பெண் நான்தான். விலங்கியலில் முதுகலை முடித்ததும் கல்யாணம் என்று உம்மா பேச ஆரம்பித்தார். அதற்குள் தஞ்சாவூரில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் சிவப்பிரகாசம் சார், "தரையில முட்டை போடுற பறவைங்களப் பத்தி ஒரு வேலை இருக்கு, வர்றியா?" என்று கேட்டுவிட்டார். வாப்பா ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு வந்து சாரைப் பார்த்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்களோ தெரியாது. திரும்பும்போது, "மனுசன் கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்றாரு. நம்பலாம்" என்றார்.

அது நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்திருந்த காலம். கோட்டையில் ஆட்சி மாறி, சுவரெல்லாம் கறுப்பும் சிவப்புமாக இருந்தது. ஊர்க்கோடித் தெருக்களில் தனிச் சிவப்புக் கொடிகள் பறந்தன. கூலித் தகராறில் கிழக்கே நடந்த கொடுமைகளைப் பற்றி நாகூர் பாசஞ்சரில் ஜனங்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். நான் மடியில் சல்லடையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் இடம் பூதலூருக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் நடுவில் ஒரு பெரிய திடல். ஆற்றுப் பாசனம் ஏறாத மேட்டு நிலம். மழையை நம்பிக் கடலையும் எள்ளும் போடுவார்கள். பங்குனி பிறந்தால் ஆடி வரை சும்மா கிடக்கும். மரம் இல்லை, புதர் இல்லை, ஒரு கோடியில் நின்றால் மறுகோடி தெரியும். அந்த வெட்டவெளிக்குத்தான் ஆள்காட்டிக் குருவிகள் வரும். கட்டாந்தரையில் ஒரு குழிவு, அதில் நாலு முட்டை. மண் நிறம், மேலே மை தெளித்த மாதிரி புள்ளிகள். கூர்முனை நாலும் உள்பக்கம் பார்த்திருக்கும். உச்சி வெயிலில் தாய்ப்பறவை குட்டைக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைமேல் உட்காரும். அதை முதலில் பார்த்த அன்று நான் குறிப்பெடுக்க மறந்து நின்றேன். சார் பக்கத்தில் நின்று, "என்ன பாத்த, சொல்லு" என்றார்.

"முட்டைக்கு வெயில் படக் கூடாதுன்னு தண்ணி கொண்டாருது சார்."

"பாத்தியா, நெனச்சியா?"

நான் மறுபடி பறவையைப் பார்த்தேன்.

"நனைஞ்ச வயித்தோட வந்து உக்காந்துது. அது பாத்தது. எதுக்குன்னு சொன்ன பாரு, அது நெனச்சது. ரெண்டும் வேணும். கலக்கக் கூடாது."

அந்தக் கேள்வியை அவர் எல்லாரிடமும் கேட்பார். குரலை உயர்த்த மாட்டார். கதர்ச் சட்டை, ரப்பர் செருப்பு, தலையில் ஈரத் துண்டு. வெற்றிலை போடுகிறவர். திடலுக்குள் மட்டும் போட மாட்டார், எச்சில் வாசனை நாலுகால் ஜீவனுக்கு வழி காட்டும் என்பார்.

வேலை இதுதான். திருக்காட்டுப்பள்ளி காவிரி மணலை மாவுச் சல்லடையில் சலிப்போம். திடலைச் சுற்றியும் பக்கத்து வயல்களின் வரப்புகளிலும் அங்கங்கே முறம் அகலத்துக்கு அந்த மணலைத் தூவி, கோழி இறகால் தடவிச் சமமாக்கி வைப்போம். மறுநாள் பொழுது கிளம்பும்போது போய்ப் பார்ப்போம். வெயில் சாய்ந்து விழும்போதுதான் தடம் எழும்பித் தெரியும், ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது. விரல் நாலு, நகம் பதியவில்லை, உருண்டையாக இருந்தால் காட்டுப்பூனை. விரல் அஞ்சு, நகக்கீறல் இருந்தால் கீரி. உடும்பு வாலை இழுத்துக்கொண்டு போன கோடு நடுவில் ஓடும். சாரைப்பாம்பு போன இடம் சேலை மடிப்பு மாதிரி இருக்கும்.

கூட்டுக்குப் போவதற்கும் முறை உண்டு. நேராகப் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. அப்படித் திரும்பினால் நம் காலடி வாசனை கூட்டோடு முடிந்துபோகும், பின்னால் வருகிற கீரிக்கு அதுவே போதும். அதனால் கூட்டைக் கடந்து, நிற்காமல், மறுகரை வரை நடந்துபோக வேண்டும். அடையாளத்துக்குக் குச்சி நடக் கூடாது, காக்கை வந்து உட்காரும். கொஞ்சம் தள்ளி ஒரு ஓட்டுச் சில்லைப் போட்டு வைப்போம். ஆசையாக இருந்தாலும் நிற்காமல் நடந்து போகப் பழகினேன். பிற்பாடு வாழ்க்கையில் பல இடங்களிலும் அப்படித்தான் நடந்தேன் என்று தோன்றுகிறது.

மெல்ல மெல்ல ஒன்று புலப்பட்டது. கீரி, பூனை எல்லாம் வரப்பை விட்டு வெட்டவெளிக்கு அவ்வளவாக வருவதில்லை. வரப்பில் நொச்சியும் ஆடாதோடையும் மண்டியிருந்தால் அதுதான் அவைகளுக்கு ராஜபாட்டை. வரப்புக்குப் பக்கத்தில் இருந்த கூடுகள் பெரும்பாலும் போயின. திடலின் நடுவில் இருந்தவை பிழைத்தன. நடுவில் பிறந்த குஞ்சுகள் மண்கட்டியோடு மண்கட்டியாகப் பதுங்கிக் கிடப்பதைப் பார்க்க நான் மூன்று கோடை போனேன். ஆனியில் கல்லணை திறந்த சேதி வரும்போது குஞ்சுகள் பறக்கத் தொடங்கியிருக்கும். அந்த நாட்களைப் போலச் சந்தோஷமான நாட்கள் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

அந்தத் திடல் பண்ணையார் தண்டபாணிக்குச் சொந்தம். அவர் சாருக்கு மச்சான், சாரின் மனைவி கமலா அக்காவுக்கு உடன்பிறந்த அண்ணன். அந்த உறவில்தான் எங்களை உள்ளே விட்டார். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். எங்களுக்கு மோர் கொடுத்தனுப்புவார். ஆனால் அதே வீட்டின் கொல்லைப்புறம் தாண்டி வராமல் நின்றுதான் அஞ்சலை அக்கா கூலி வாங்குவார்.

அஞ்சலை அக்கா திடலுக்குத் தெற்கே இருந்த தெருவில் குடியிருந்தார். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அவருடைய மாமனார் காலத்திலிருந்து அந்தத் திடலில் உழைக்கிற குடும்பம். வரப்பில் மணல் தூவிக்கொண்டிருந்த என்னை முதலில் பார்த்தபோது, "என்ன டீச்சரம்மா, வரப்புக்குப் பவுடர் போடுறீங்க?" என்று கேட்டார். அதிலிருந்து தினமும் அந்தப் பக்கம் வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் போக மாட்டார்.

மூன்றாவது கோடையில் சிக்கல் வந்தது. பண்ணையாரின் நிலம் வரம்புக்கு மேல் இருக்கிறது என்றும், மிச்ச நிலத்தைத் தங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும் அஞ்சலை அக்காவின் தெருக்காரர்கள் தாவா போட்டிருந்தார்கள். மிச்சம் என்று வந்தது எங்கள் திடல். ஒருநாள் காலை பண்ணையார் குடையோடு திடலுக்கே வந்தார்.

"மாப்பிள்ளை, அதிகாரி வெள்ளிக்கிழமை எடம் பாக்க வர்றாரு. காலேஜு ஆராய்ச்சிக்குன்னு விட்ட எடம், பயிர் நெலம் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். வரம்புல சேராம பாத்துக்கலாம்னு வக்கீல் சொல்றாரு."

சார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாப்போம் மச்சான்" என்றார்.

"உங்களுக்கும் நல்லதுதானே. நாளைக்கு இத அவங்ககிட்ட குடுத்தா ஆளுக்கொரு வரப்பு போட்டுடுவாங்க. அப்பறம் உங்க குருவி எங்க முட்டை போடும்?"

அவர் சொன்னது உண்மை. அதுதான் கஷ்டம். அன்று சாயங்காலம் பூதலூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். வரப்பு என்றால் என்ன ஆகும் என்பதை எங்களைவிட அறிந்தவர்கள் அந்தத் தாலுகாவிலேயே கிடையாது. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் நாலு பக்கமும் வரப்பு எழுந்தால் திடலில் நடு என்று ஒன்றே இருக்காது.

"சார், நீங்க சொல்லிட்டா திடல் அப்படியே இருக்கும். குருவியும் இருக்கும்" என்றேன்.

"ஆமா, இருக்கும்" என்றார்.

வேறு ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. ஒரு பக்கம் பண்ணையாரும் வக்கீலும் கணக்குப்பிள்ளையும். மறுபக்கம் தெருக்காரர்கள், கையில் கொடி, பின்னால் பெண்கள். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் பனைமர நிழலில் நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்து ஆள்காட்டிகள் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தின. அதிகாரி இளவயதுக்காரர். காதை ஒரு கையால் மூடிக்கொண்டு சாரிடம் கேட்டார்.

"புரொபசர், இது உங்க ஆராய்ச்சி நிலம்தானா?"

"கோடையில நாங்க இங்க வர்றோம். மூணு கோடையா வர்றோம்."

"மத்த நாள்ல?"

"மழை விழுந்தா உழுவாங்க. ஐப்பசியில நான் வந்தப்ப கடலை நின்னுது. தை மாசம் அறுத்த எள்ளுத் தாள் பாத்தேன்."

"யாரு உழுதது?"

"இதோ நிக்கிறாங்களே, இவங்கதான்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

வக்கீல் முன்னால் வந்தார். "சார், இந்தப் பறவைகள் இங்க மட்டும்தான் முட்டை போடுது, இத ஒடச்சா அழிஞ்சுடும். அத நீங்க சொல்லலாமே?"

"ஒடச்சா இங்க அழிஞ்சுடும்னு நெனைக்கிறேன்" என்றார் சார். "அது நெனக்கிறது. இது பயிர் நெலம்ங்கிறது பாத்தது. ஐயா கேட்டது நெலத்தைப் பத்தி."

கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. அஞ்சலை அக்கா மட்டும் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். பண்ணையார் குடையை மடக்கினார். போகும்போது சாரைக் கடந்துதான் போனார். "வர்றேன்" என்று சொல்லவில்லை.

மறுநாள் நான் சார் வீட்டுக்குப் போனேன். கமலா அக்கா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. தோசைக்கல்லைப் பார்த்தபடியே பேசினார். "எங்க அண்ணனுக்கு இவரப் பத்தித் தெரியாதா? கேட்டிருக்கவே கூடாது. கேட்டா இவரு இப்படித்தான் சொல்லுவாரு." அடுத்த பொங்கலுக்கு அண்ணன் வீட்டிலிருந்து சீர் வரவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. அக்கா கடையில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கிவந்து பொங்கல் வைத்தார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். பார்க்காத மாதிரி சார் பேப்பர் படிப்பார்.

திடல் பிரிந்தது. அளவுச் சங்கிலி போட்டு, கல் நட்டு, ஆளுக்கொரு பங்கு. அடுத்த பங்குனியில் நாங்கள் போனபோது பண்ணையாரிடம் கேட்க வேண்டியதில்லை. அஞ்சலை அக்காவிடம் கேட்டோம். சார் கும்பிட்டு, "உங்க நெலத்துல நாங்க வரலாமா?" என்றார். அந்த அம்மா குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து விரலால் உதிர்த்தார். உங்க நிலம் என்ற வார்த்தையை அவரிடம் வேறு யாரும் அதற்கு முன் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"என் பங்குல முட்டை இருக்கா?" என்று கேட்டார் கடைசியில்.

இருந்தது. ஒரே ஒரு கூடு. அந்த வருஷம் சித்திரையிலேயே நல்ல மழை பெய்தது. எள்ளு விதைக்க ஏர் கட்ட வேண்டும். சார், "உழுங்கம்மா, அதுக்காக நிறுத்த வேணாம்" என்றார். ஆனால் மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்தால், பங்கு முழுக்க உழுதிருந்தது, கூட்டைச் சுற்றி மட்டும் ஒரு பாய் அகலத்துக்குத் தரை விட்டிருந்தது. செம்மண் உழவுக்கு நடுவே பழைய தாளும் புல்லுமாக அந்த இடம் தனியாகத் தெரிந்தது. பறவை அதில் உட்கார்ந்திருந்தது. அஞ்சலை அக்காவின் முகத்தில் இருந்த பெருமையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

சார் புது வரப்பைப் பார்த்தார். அதில் எலி வளைகள் வந்திருந்தன, வாசலில் புது மண். அன்று மணல் போட்டோம். காலையில் அஞ்சு விரல் தடம் வரப்பு நெடுக ஒவ்வொரு வளையாக நின்று நின்று போயிருந்தது. அந்தப் பாய் அகல இடத்துக்கு நேராக வந்ததும் வரப்பை விட்டு இறங்கியிருந்தது. முட்டைகளின் பெருமுனை உடைந்து ஓடு கிடந்தது. பறவைகள் இரண்டும் தள்ளி நின்றன. கத்தவில்லை.

"நாந்தான் காட்டிக் குடுத்துட்டேனா சாரு?" என்று அஞ்சலை அக்கா கேட்டார். "எல்லாத்தையும் உழுதிருந்தா தெரியாம இருந்திருக்குமோ?"

"உழுதிருந்தா அப்பவே போயிருக்கும்மா."

"அந்தக் கீரியை அடிச்சுப்புடறேன்."

"வேணாம். அது முட்டைக்கு வரல. எலிக்கு வந்துது. தடத்தைப் பாருங்க. வழியில முட்டை இருந்துது, அவ்வளவுதான். அது இல்லைன்னா உங்க எள்ளு எலிக்குத்தான்."

அஞ்சலை அக்கா நெடுநேரம் அந்த ஓடுகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நிலம் கிடைத்ததற்கு அழாத அந்த அம்மா அன்று அழுதார்.

என் ஆராய்ச்சி கடைசியில் அந்தக் காலையைச் சுற்றித்தான் அமைந்தது. வேட்டைப் பிராணிகள் முட்டையைத் தேடிக்கொண்டு வயலில் அலைவதில்லை. எலி இருக்கிற வரப்பில், மறைப்பு இருக்கிற ஓரத்தில் நடக்கின்றன. நாம் எங்கே ஓரத்தை உண்டாக்குகிறோமோ அங்கே அவை வருகின்றன. பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது, துறைத் தலைவியானேன். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் ஆள்காட்டிகள் திடலுக்கு வருவது வருஷா வருஷம் குறைந்தது. வரப்பு மட்டும் காரணமில்லை. பம்புசெட் வந்தது, அதற்கு இலவச மின்சாரம் வந்தது, மேட்டிலும் நெல் விளைந்தது. கோடையில் நிலம் சும்மா கிடப்பது நின்றுபோனது. அஞ்சலை அக்காவின் பெண்கள் படித்தார்கள், ஒருத்தி நர்ஸ் ஆனாள். இதில் யாரைக் குறை சொல்வது? குறை சொல்ல ஆள் கிடைத்திருந்தால் இந்த ஏக்கம் கொஞ்சம் லேசாகியிருக்குமோ என்னவோ.

சார் ஓய்வுக்குப் பிறகு தஞ்சாவூரிலேயே இருந்தார். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளாமலே பண்ணையார் இறந்தார். கமலா அக்கா சாவுக்குப் போனார், சாரும் போய்த் தெருவில் நின்றார். சாரும் காலமான பின், ஒரு ரம்ஜானுக்கு நான் பாயசம் எடுத்துக்கொண்டு போனபோது அக்கா கேட்டார்:

"சபூரா, அந்தத் திடலுக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போறியா? எங்க அப்பா நெலம்தான். பொம்பளப் புள்ள வயக்காட்டுக்குப் போகக் கூடாதுன்னு விடவே இல்ல. கல்யாணத்துக்கப்பறம் இவருதான் தெனம் போனாரு. நான் ஒருநாளும் பாத்ததில்ல."

ஒரு சித்திரைக் காலையில் கார் வைத்துக்கொண்டு போனோம். அஞ்சலை அக்கா அப்போது உயிரோடு இல்லை. பங்கைப் பெரிய பெண் வைத்திருந்தாள், எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாள். கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை நெல். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஏறினார். முழங்கால் வலிக்காரி, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க இருந்துது?" என்று கேட்டார்.

நான் நெல்லுக்குள் கையை நீட்டினேன். அங்கே ஒன்று, அதற்குத் தள்ளி ஒன்று, அந்த மின்கம்பம் நிற்கிற இடத்தில் ஒன்று. அக்கா நான் காட்டிய ஒவ்வொரு இடத்தையும், அங்கே ஏதோ இருப்பதைப் போலவே, நிதானமாகப் பார்த்தார். சார் எங்கே நிற்பார் என்று கேட்டார். அதையும் காட்டினேன். அங்கேதான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எதிர் வரப்பில் ஒரு கீரி வந்தது. பட்டப்பகல், பயமே இல்லை. ஒரு வளையில் மூக்கை நுழைத்தது, எடுத்தது, அடுத்த வளைக்குப் போனது. வானம் சும்மா இருந்தது. அதைப் பார்த்துக் கத்த ஒரு பறவையும் இல்லை.

"முட்டை தேடுதா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா. எலி தேடுது."

"கெடைக்குமா?"

"நெறைய இருக்கு."

அக்கா அது நெல்லுக்குள் இறங்கி மறைகிற வரை பார்த்தார்.

"அப்ப அதுக்கு ஒண்ணும் கொறையில்ல" என்றார்.